சரசு குவைத்தில் இருக்கிறாள்

"எங்க மூத்தவ சரசு காய்ச்சல்ல செத்துப்போயிட்டா. இப்ப குவைத்துல வீட்டு வேல பாக்குறா."

அட்டனில் ரயில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்த அம்மாள்தான் இப்படிச் சொன்னார். அவர் பக்கத்தில் குடையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நான் பத்திரிகையைத் தாழ்த்தவில்லை.

"என்னக்கா சொல்றீங்க?" குடை வைத்திருந்தவள்தான் கேட்டாள்.

"எனக்கு ரெண்டே புள்ளைங்க. சின்னவ ராணிக்கு வயசு பத்தலன்னுட்டாரு ஏஜென்சிக்காரரு. மூத்தவ பொறப்புப் பத்திரத்துலதான் பாஸ்போட் எடுத்தோம். படம் மட்டும் ராணியோடது."

"அங்க என்ன பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க?"

"சரசுன்னுதான்."

பட்டப்பகலிலேயே பனி மூடியிருந்தது. றொசல்லையில் ரயில் நின்றது, யாரும் ஏறவில்லை.

"இந்த வருசம் சரசுக்குத் தெவசம் குடுக்கல. பூசாரி பேரு கேட்டாரு, சொல்ல வாய் வரல. அந்தப் பேருலதானே புள்ள அங்க நடமாடுது? எந்திரிச்சு தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துட்டேன்."

"மூத்தவ கோவிச்சுக்க மாட்டாளா?"

அம்மாள் முந்தானையை இழுத்துக் காதோடு போர்த்திக்கொண்டார்.

"இப்பதான் டவுன்ல போன் கடையில பேசிட்டு வாறேன். 'ராணி, சாப்பிட்டியாம்மா?'ன்னு கேட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல."

"லைன் கட்டாயிருச்சா?"

"இல்ல. மூச்சு விடுறது கேட்டுச்சு. அப்பறம் பேசினா. கொரலு ராணியோடதுதான்."

"என்னக்கா சொன்னா?"

"'தங்கச்சி நல்லா இருக்காளாம்மா? அவளயாவது இங்க அனுப்பிடாதீங்க'ன்னா."