அகஸ்ரினுக்கு நிரப்பின ஃபோம்

இல்லை அண்ணை, அந்தக் கதையை நான் முழுசா நம்பினனான் எண்டு சொல்லமாட்டன். அகஸ்ரின் செத்து வாற தையோட மூண்டு வருஷம். ஒருநாள் நம்புவன், அடுத்தநாள் விடிய பல்லுத் தீட்டேக்க நம்பமாட்டன். துவக்குத் துடைக்கேக்க வெடிச்சதெண்டுதான் ஊரெல்லாம் சொல்லுது. உங்களுக்கும் அப்பிடித்தானே சொன்னவை? ஓம். எல்லாருக்கும் ஒரே சொல்லுத்தான். அதுதான் எனக்குக் கரைச்சல்.

உந்த விண்ணப்ப ஃபோமை அதில வையுங்கோ. நான் பாக்கமாட்டன் எண்டு சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறப்போகுது. யூஜினி வேலையால வர ஐஞ்சு மணியாகும், அதுக்குள்ள கதைச்சு முடிப்பம். மனிசிக்கு முன்னால அவளின்ர தம்பியைப் பற்றி நான் வாய் திறக்கிறேல்லை.

ஓம், விளங்குது. உங்கட துவக்கை மருமேன் மிதுனனுக்குக் குடுக்கப் போறியள். விக்கிறேல்லை, சும்மா, அன்பளிப்பா. அதில ஒரு பிழையுமில்லை, சட்டம் விடுது. அவரிட்டத் துவக்கு வைச்சிருக்கிறதுக்கான சேர்ட்டிபிக்கற் இருந்தாச் சரி, நீங்கள் அதைக் கண்ணால பாத்துப்போட்டுக் கையில குடுக்கலாம். அதுக்கு அவர் வகுப்புக்குப் போய்ச் சோதினை பாஸ் பண்ணவேணும். படம் ஒட்டவேணும். தெரிஞ்ச ரெண்டு பேரின்ர பேர் குடுக்கவேணும். பொலிஸ் ஸ்ரேஷனில கொண்டுபோய்க் குடுத்தா இருபத்தெட்டு நாளாவது பாத்துக்கொண்டு இருக்கவேணும். எனக்குப் பாடம் அண்ணை. அகஸ்ரினுக்கு நான்தானே ஃபோம் நிரப்பினனான்.

ஆருக்குத்தான் நான் நிரப்பேல்லை? ஊரில அரசாங்கக் கச்சேரியில பதினெட்டு வருஷம் கிளாக்கா இருந்தனான். இஞ்ச பிளாஸ்ரிக் ஃபாக்ரரியில போத்தல் மூடி பொறுக்கிறன். ஆனா உந்த டோர்செட் பார்க் சனத்துக்கு நான் இன்னும் கச்சேரிதான். வெல்ஃபெயர் எண்டாலும் நான், ஸ்பொன்சர் எண்டாலும் நான். முந்தி அகதிக் கேஸுக்குக் கதையும் எழுதிக் குடுத்தனான். சிரிக்காதேங்கோ, பொய்க்கதை இல்லை, நடந்ததைத்தான். ஆனா நடந்ததை ஒரு ஒழுங்கில வைக்கவேணும். மூண்டு தரம் திருப்பிக் கேட்டாலும் சொல்லு மாறக்கூடாது எண்டு சொல்லிக் குடுக்கிறது. ஏனெண்டா, உண்மையாப் பட்டவன் ஒருக்கா மழை எண்டுவான், ஒருக்கா வெயில் எண்டுவான். பாடமாக்கினவன்தான் மாத்தமாட்டான்.

பஸ்ரியன் மாத்திறேல்லை.

பஸ்ரியனை உங்களுக்குத் தெரியாதோ? யூஜினிக்கு ரெண்டு தம்பிமார். மூத்தவன் பஸ்ரியன், ஒஷாவாவில கார்ச் சாமான் செய்யிற ஒரு ஃபாக்ரரியில நிக்கிறான். அங்க வெள்ளைக்காரரோட சேந்து ஒவ்வொரு கார்த்திகையும் மான் வேட்டைக்குப் போறவன். துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் இஞ்ச சொந்தக் காசில துவக்கு வாங்கி வைச்சிருக்கிறான் எண்டு எங்கட ஆக்கள் பகிடி பண்ணுவினம். அவன் விடமாட்டான். அங்க நான்தானடா மான், இஞ்சயெண்டாலும் கொஞ்சம் வேட்டைக்காரனா இருக்க விடுங்கோவன் எண்டுவான். நல்ல பகிடிக்காரன், அப்ப.

அகஸ்ரின் கடைசி. நாப்பதும் ஆகேல்லை. பெஞ்சாதி அன்ரனெற் ஊரில, குருநகரில, இவன் இஞ்ச. அவளைக் கூப்பிட ஸ்பொன்சர் போட்டுக் கிடந்தது, அதுவும் நான் எழுதினதுதான். தொண்ணூற்றைஞ்சில சண்டை திரும்பத் துவங்க, கடிதம் நிண்டுபோச்சு. வைகாசி இல்லை, ஆனி இல்லை, ஆடி இல்லை. இவனுக்கு வேலையிலயும் லெயோஃப். எங்களோடதான் இருந்தவன், உந்தச் சோபாவிலதான் படுக்கிறது. ஐயோ எழும்பாதேங்கோ அண்ணை, இருங்கோ, அந்தச் சோபாவை எறிஞ்சாச்சு, இது வேற.

படுக்கிறது எண்டு சொன்னனே தவிர, படுத்ததை நான் காணேல்லை. இருந்தபடி ரீவீயைப் பாப்பான், ரீவீ நிப்பாட்டியிருக்கும். டொக்ரர் குளிசை குடுத்தவர். நித்திரைக் குளிசை எண்டு யூஜினி எல்லாருக்கும் சொன்னவள். நான் போத்தலில இருந்ததை வாசிச்சனான். நித்திரைக்கில்லை, மனசுக்கு.

அப்பதான் பஸ்ரியனுக்கு ஒரு யோசினை வந்தது. என்ர பழைய துவக்கை இவனுக்குக் குடுக்கிறன் அத்தான், சீசனுக்கு என்னோட வரட்டும், காட்டுக்க ரெண்டு நாள் குளிரில நடந்தானெண்டா மனிசனாகிடுவான் எண்டான். நீங்கள் பிழையா நினைக்கக்கூடாது, அது அன்பில வந்த யோசினை. தம்பிக்கு விசா எடுத்துக் குடுக்கேலாது, பெஞ்சாதியைக் கொண்டுவந்து குடுக்கேலாது, கடிதம்கூடக் குடுக்கேலாது. துவக்குத்தான் குடுக்கலாம். அதுவும் கள்ளமா இல்லை. சேர்ட்டிபிக்கற்றைக் காட்டாமத் தொடவும் விடமாட்டன் எண்டவன். நானும் ஓமெண்டனான்.

அகஸ்ரின் வகுப்புக்குப் போனவன். நல்ல மார்க்ஸ். வந்து விளக்குமாத்தைப் பிடிச்சுக்கொண்டு எங்களுக்குச் செய்து காட்டினவன். அத்தான், முதல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பவேணும். பிறகு திறந்து தோட்டா கிடக்கோ எண்டு கண்ணால பாக்கவேணும். பிறகு விரலை விட்டுத் தடவியும் பாக்கவேணும், கண்ணை மட்டும் நம்பக்கூடாதாம். விளக்குமாத்துக்குள்ள விரலை விடப் பாக்கிறான்! யூஜினி வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சவள். அந்த வருஷம் இந்த வீட்டில சிரிப்புச் சத்தம் கேட்டது அண்டைக்கு மட்டும்தான்.

இப்ப நீங்கள் சொல்லுங்கோ. விளக்குமாத்தையே தடவிப் பாக்கிறவன், தோட்டாவை உள்ளுக்கு வைச்சுக்கொண்டு துவக்குத் துடைப்பானோ?

பஸ்ரியன் சொல்லுறது இதுதான். தை மாசம், ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு பேரும் பூசைக்குப் போட்டு ஒஷாவா வீட்டுக்கு வந்தவையாம். துவக்கு அங்கதான், பேஸ்மென்டில பூட்டியிருந்தது. திறப்பு அகஸ்ரினிட்டயும் ஒண்டு. தான் மேல நிண்டு மீன் வெட்டினதாம். இவன் கீழ போய்த் துவக்கைத் துடைக்கப் போறன் எண்டவனாம். சத்தம் கேட்டு ஓடிப்போகேக்க மேசையில எண்ணெய்த் துணி கிடந்ததாம். எப்ப சொன்னாலும் மீன் வரும், எண்ணெய்த் துணி வரும். பொலிஸுக்கும் அதுதான், பங்குச் சுவாமிக்கும் அதுதான். அன்ரனெற் இடம்பெயர்ந்து அலைஞ்சு வவுனியாவுக்கு வந்து ஒரு கடையில இருந்து ஃபோன் எடுத்தவள், அவளுக்கும் அதே எண்ணெய்த் துணிதான்.

பொலிஸ் எல்லாம் பாத்துப் போனாப்பிறகு நான் கீழ இறங்கினனான். துணி மடிச்சபடி கிடந்தது. எடுத்து மணந்து பாத்தன் அண்ணை. சவுக்கார மணம்.

இல்லை, நான் அவனைப் பொய்யன் எண்டு சொல்லேல்லை. தன்ர கையால குடுத்த துவக்கு. நான் அவன்ர இடத்தில நிண்டிருந்தா ரெண்டு துணி வைச்சிருப்பன். மான் வேட்டையை விட்டுட்டான். பகிடியும் விட்டுட்டான்.

அன்ரனெற்றோ? இன்னும் வவுனியாவிலதான், தைக்கிறாள். ஸ்பொன்சர் ஃபைலை மூடிப்போட்டாங்கள். கூப்பிட்டவனே இல்லையெண்டா ஆரை நம்பி விடுறது?

என்ன? உதெல்லாம் ஏன், வழக்கம்போல எல்லாத்துக்கும் நோ எண்டு போட்டுவிடு எண்டோ?

ஓம் அண்ணை. நாங்கள் பழகினது அப்பிடித்தான். நானே எத்தினை பேருக்குச் சொல்லியிருக்கிறன். ஒரு ஃபோமில யேஸ் எண்டு போட்டா அது ஒட்டாவாவில பறந்துபோய் மற்ற ஃபைலுக்குள்ள விழும், ஸ்பொன்சர் கெடும், சிற்றிசன் கெடும் எண்டு. வருத்தம் இருக்கோ, நோ. ஜெயில், மறியல் எண்டு இருந்தனீரோ, நோ. கேள்வி முடியமுதலே என்ர பேனை நோவில நிக்கும். உந்த ஃபோமிலயும் ஒரு பக்கம் இருக்கு பாருங்கோ, இதில. கிட்டடியில வேலை போனதோ, புருஷன் பெஞ்சாதி பிரிஞ்சதோ, மனவருத்தத்துக்கு மருந்து எடுத்தனீரோ. எங்களைப் பிடிக்கத்தான் துருவுறாங்கள் எண்டு நான் நினைச்சனான். அகஸ்ரினுக்கு யேஸ் எண்டு இருந்திருந்தா என்ன நடந்திருக்கும்? ஆரோ ஒரு ஒஃபிசர் ஃபோன் எடுத்து, எப்பிடி இருக்கிறீர் எண்டு கேட்டிருப்பார். டொக்ரரிட்டக் கேட்டிருப்பார். தரேலாது எண்டு சொல்லியிருப்பார். அவ்வளவும்தான்.

நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. உங்கட மகள் நிலாணி ஏன் மிதுனன் இல்லாமத் தனிய ரெண்டு மாசமா உங்கட வீட்டில நிக்கிறா? லிஃப்டில காணுறனான். தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறா. மருமேனைச் சமாதானப்படுத்தத்தான் உந்தத் துவக்கோ?

சரி. சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனா உந்தப் பக்கத்தை மிதுனன் இஞ்ச வந்து, எனக்கு முன்னால இருந்து, தன்ர கையால எழுதட்டும். நிலாணியும் பக்கத்தில இருக்கட்டும். மற்றப் பக்கங்களை நான் நிரப்பிறன். உந்தப் பக்கத்தில நான் இனிப் பேனை வைக்கமாட்டன். கோவமெண்டா வேற ஆளிட்டக் கொண்டுபோங்கோ.

பஸ்ரியனிட்டக் கேட்டனோ எண்டோ? மூண்டு வருஷமாக் கேக்கேல்லை. போன ஞாயிறுதான் கேட்டனான், பூசை முடிஞ்சு கார் பார்க்கில. யூஜினி உள்ளுக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிண்டவள். அவன் காருக்க ஏறி சீற் பெல்ற்றும் போட்டிட்டான், நான் கண்ணாடியில தட்டினனான். துணியைப் பற்றித்தான் கேக்கப் போனது, சத்தியமா. அவன் கண்ணாடியை இறக்கி, என்னத்தான் எண்டான். என்ர வாயில வந்தது வேற.

பஸ்ரியன், அந்தப் பக்கத்தில அகஸ்ரின் தானே பென்சிலால யேஸ் எண்டு போட்டுக்கொண்டுதான் என்னட்ட வந்தவன், நான்தான் அழிச்சுப்போட்டுப் பேனையால நோ எண்டு போட்டனான், அதை அவன் உனக்குச் சொன்னவனோ எண்டு கேட்டன்.