மீறிய சத்தியத்துக்கு நோன்பு

அறந்தாங்கியிலிருந்து மீமிசல் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் பிளஸ் டூ தோழிகள் இருவர். ஸ்டெல்லா நீட்டிய கடலைமிட்டாயை நஸ்ரின் வாங்கவில்லை.

“நோன்புடி. அல்லா மேல சத்தியம் பண்ணிட்டு மீறிட்டேன். பத்து ஏழைக்குச் சோறு போடணும், முடியாட்டி மூணு நோன்பு.”

“என்ன சத்தியம்?”

“செத்துப்போலாம் போல இருக்குன்னு நீ சொன்னத யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு பண்ணேன்ல. உம்மாட்ட சொல்லிட்டேன்.”

ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

“எங்க வீட்ல சொன்னா, செபம் பண்ணு சரியாயிரும்பாங்க” என்றாள் கடைசியில்.

“எங்க வீட்ல அப்படி நெனைக்கிறதே பாவம்பாங்க. பயந்துக்கிட்டுத்தான் சொன்னேன். உம்மா திட்டலடி, அழுதுட்டாங்க. நாளைக்குக் கவுன்சிலிங் மேடத்தப் பாக்க நம்ம கூட வாராங்களாம்.”

“அப்ப மிச்ச நோன்புக்கு நானும் பட்டினி கெடக்கேன்.”

“ஒண்ணும் வேணாம். நீ இருக்கணும்னுதான் நான் பட்டினி கெடக்கேன். தின்னு.”

ஸ்டெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாதியைத் தின்றாள். மீதியைத் தாளில் சுற்றி நஸ்ரினின் பைக்குள் வைத்தாள்.

“நோன்பு தொறக்குறப்ப தின்னு.”