லண்டன்ல இருந்து பீளமேட்டுக்கு

— டிக்கெட்டு அப்பறம் போடலாமுங்க யாகூப்பு. லண்டன்ல இருந்து நம்ம பீளமேட்டுக்கு எத்தன நாளு? அத மொதல்ல சொல்லுங்க.

— நாளுங்களா, ரங்கநாயகியம்மா? மணிக்கணக்குத்தானுங்க. பையன் போறதுக்குத்தானுங்களே?

— போறது கெடக்குது. வாரதுக்கு. நான் கண்ண மூடுனா எம்பையன் கொள்ளி வெக்க வந்து சேருவானா? அது தெரியாம அவனச் சீமைக்குப் படிக்க அனுப்ப மாட்டேன்.

— அக்கா, டிக்கெட்டாபீசுல உக்காந்து பேசற பேச்சுங்களா இது? எந்திரிங்க. கார்ல போயிப் பேசிக்கலாம்.

— நீ சும்மாரு திருமலைசாமி. கூடப் பொறந்தவன் பண்ணுனதப் பாத்தமல்ல. போன சித்திரையில நைனா செத்து, மூணு நாளு ஐஸ் கட்டியும் மரத்தூளுமாப் போட்டு வெச்சிருந்தோம். மூணாம் நாளு ஊதுபத்திக்கு அடங்குல நாத்தம். மாலை போட வந்த சனம் மூக்கப் பொத்திக்கிட்டுப் போச்சு. லண்டன்ல இருக்கற பெரியவன் வந்தானா? கோபாலசாமியாமா, மூத்த மவனாமா. த்தூ.

— அவன் என்னங்க்கா பண்ணுவான்? பிளேன்ல அஞ்சு நாளாகும். அப்பவே சொன்னனல்ல.

— அஞ்சு நாளுங்களா சார்? யாருங்க சொன்னது? இருங்க, கணக்குப் போட்டே காட்டீர்றேன். லண்டன்-பம்பாய் நாலாயிரத்தி ஐநூறு மைலு. ஜெட்டு மணிக்கு ஐநூறு போகுது. ஒம்பது மணி நேரம். நடுவுல பெட்ரோலுக்கு எறங்கும், அதுக்கு மூணு. ஆச்சுங்களா பன்னண்டு?

— ஆச்சு.

— பம்பாய்-மெட்ராசுக்கு மூணு. மெட்ராஸ்-கோயமுத்தூருக்கு ரெண்டு. பதினேழு.

— அங்க விடியறப்ப இங்க மத்தியானமுங்கறாங்களே. அதையுஞ் சேக்கோணுமல்ல?

— அது கடியாரத்துலதானுங்கம்மா. அதனால பயண நேரம் ஏறாது. அங்கங்க பிளேனுக்குக் காத்துக் கெடக்கறதையுஞ் சேத்தா ஒண்ணரை நாளுங்க.

— போன வருசமும் இதே ஜெட்டுத்தானுங்களா?

— இதேதானுங்கம்மா.

— அக்கா, அதெல்லாம் ஏட்டுக் கணக்கு. எந்திரிங்க.

— ஒண்ணரை நாளு. மூணு நாளு வெச்சிருந்தமே, பாவி. அவன் வந்திருக்கலாம், வருல. கருமம், இவனையா இடுப்புல தூக்கிச் சோறு ஊட்டுனேன். திருமலை, நீ ஒருத்தன் இருந்தே. தந்தியாபீசுக்கு நீ ஓடுனே, கொள்ளியும் நீயே வெச்சே. கொள்ளி வெக்கறவன் கையிலதான் மில்லுச் சாவின்னு நைனா சொன்னபடி, அந்தப் பாரமும் உந்தலையில உளுந்துது.

— பழசெல்லாம் விடுங்க்கா.

— எப்படி உடறது? அவங் கடுதாசிய ஒண்ணக்கூடப் பிரிக்காம திருப்பி அனுப்புனேன். தொடவே அருவருப்பா இருந்துது. இப்ப நானே எழுதறேன். ஏனுங்க யாகூப்பு, ஒரு காயிதம் குடுங்க.

— இந்தாங்கம்மா. பேனா.

— தந்தி கெடச்ச அன்னிக்கு எவ ஊட்டுல விருந்து தின்னுட்டு இருந்தேன்னு கேக்கறேன்.

— எழுதாதீங்க்கா.

— ஏன்? அவனுக்கு ரோசம் வந்துருமா?

— வேண்டாமுங்க்கா. கும்புட்டுக் கேக்கறேன்.

— ஏண்டா பேனாவப் புடுங்கறே?

— தந்தி நான் குடுத்தது, கருமாதி முடிஞ்ச மறுநாளுங்க்கா.