எலும்புக்கு அந்தப் பக்கம்

“அலோ... அலோ... ஆமா, கொம்பையாதான் பேசுதேன். யாரு, மாப்ளையா? சத்தமாப் பேசுங்க மாப்ள, வத்தக் களத்துல நிக்கேன், காத்து இரையுது...”

“...என்னது? விழுந்துட்டாளா? யாரு, செம்பாவா? ...எங்கன? ...எப்பம்? ...காலையிலயா? மணி பன்னெண்டாகப் போவுது, இப்பமா சொல்லுதீங்க?”

மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்த பலகை கொம்பையாவின் கையிலிருந்து நழுவியது. மகள் செண்பகவல்லியை எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். மருமகன் சுடலைக்குமார் எதற்கும் பதறாத ஆள். இப்போதும் அவன் நிதானமாகத்தான் பேசினான். கிழவர் காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

“...சரி... சரி... ஒங்க பைக்குல பின்னால உக்காந்து வந்தாளா? நேத்து அங்கன மழையா? இங்கன ஒரு சொட்டு விழல. ...ஆமா, டயர்ல கரிசல் அப்பிட்டுன்னா வழுக்கத்தான் செய்யும். எறங்கி உருட்டணும்யா, வெளியூர்க்காரனா நீங்க? ...சரி, சரி, விடுங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனீங்களா?”

“...ம்... ம்... கையில புடிக்க மிஷினா? பசையத் தடவி மேல ஓட்டுவாவளே, படம் போன்ல தெரியுமே, அதுவா? ...வயித்துக்குள்ள ரத்தம் கசியல. சரி. நெஞ்சுலயும் ஒண்ணுமில்ல. சரி, நல்லது. ...தலையில அடிபட்டுச்சா?”

“...ஏன் மாப்ள முழுங்குதீங்க? பட்டுச்சா, படலயா?”

“...பின்னந்தலையா? ரத்தம் வரல, வீக்கம் மட்டுமா? ...வாந்தி? ...ரெண்டு தடவையா! டாக்டரம்மா என்ன சொன்னாவ? ...கோவில்பட்டிக்குப் போயி தலைக்கு சி.டி. எடுக்கச் சொன்னாவளா? பின்ன என்னத்துக்கு வீட்டுக்குக் கூட்டியாந்தீங்க?”

“...யாரு சொன்னா? ...நானா?”

கொம்பையா அப்படியே களத்தில் உட்கார்ந்தார். அவர்தான் சொன்னார். பொண்டாட்டி தங்கமாரி செத்த இந்த மூன்று வருஷமாக டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் என்று போன இடமெல்லாம் சொன்னார். படம் பிடித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். இருந்தும் நம்மை அலைய விடுவதற்காகக் கோவில்பட்டிக்குப் போ என்றார்கள். அவள் விதி முடிந்துவிட்டது, போய்விட்டாள் என்பார். கேட்டவர்களெல்லாம் தலையை ஆட்டினார்கள். மருமகனும் கேட்டு மனதில் வைத்திருக்கிறான்.

“...இல்ல மாப்ள, இல்ல, நான் சொன்னத விடுங்க. ...பொறுங்க. அது என்ன சத்தம்? ...ஒங்க பக்கத்துலதான், கர்ரு கர்ருன்னு. ...செம்பாவா? ...குறட்ட விட்டு அசந்து தூங்குதாளா?”

“ஏலே! எழுப்புலே அவள!”

“...ஆமா, ஏலேன்னுதான் சொன்னேன், பொறவு கோவிச்சுக்கோ! கன்னத்துல தட்டு. பேரச் சொல்லிக் கூப்பிடு. ...கண்ண முழிச்சாளா? ...முனகுதது மட்டுந்தானா? ...இன்னொரு தடவ கூப்பிடு... சத்தமா...”

“...ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு இன்னொருக்க சொல்லாத! ...கேளு. நான் சொல்லுதத முழுசாக் கேளு. ஒங்க அத்தைக்கும் அதே மிஷின்தான். வத்த பெறக்கப் போன லோடு ஆட்டோ கவுந்துச்சே, அன்னைக்கு. வயிறு, நெஞ்சு, எல்லாம் பாத்தா அந்த டாக்டர் புள்ள. பாத்துட்டு எங்கிட்ட தெளிவாச் சொன்னா: ‘ஐயா, இது மண்ட எலும்பத் தாண்டாது. உள்ள ரத்தம் கட்டியிருந்தா எனக்குத் தெரியாது, கோவில்பட்டிக்கு ஒடனே போங்க’ன்னா. நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘வயித்துக்குள்ள கெடக்க புள்ளையவே காட்டுதது, மண்டைக்குள்ள காட்டாதோ? யாருகிட்ட கத விடுத?’ன்னேன். ‘எம் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன்’னு எழுதுன ஒரு தாள நீட்டுனா. கைநாட்டு வச்சுட்டுக் கூட்டியாந்துட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்லல. செம்பாகிட்டயும் சொல்லல.”

“...அலோ? இருக்கீங்களா? ...ம். ...மிஷின ஏசாதீங்க. நம்ம இசக்கிபாண்டிய மாடு முட்டுச்சே, மேல ஒரு கீறல் உண்டா? உள்ள ரத்தம் தேங்கிக் கெடக்குன்னு அந்த மிஷின்தான் காட்டிக் குடுத்துச்சு. அன்னைக்கே திருநவேலியில வயித்த அறுத்ததுனால இன்னைக்கு என் களத்துல நின்னு சாக்குத் தைக்கான். வயிறு அதுக்கு எட்டும். மண்ட எட்டாது. அதத்தான் அந்தப் புள்ளயும் சொன்னா...”

“...ஒங்க அத்தயும் இப்படித்தான் குறட்ட விட்டா, மாப்ள. ஒரு நாளும் குறட்ட விடாத பொம்பள. நான் பக்கத்துலயே உக்காந்து சோறு தின்னேன். நல்லாத் தூங்குதான்னு ஃபேன அவ பக்கம் திருப்பி வச்சேன். பொழுது சாயுததுக்குள்ள சத்தம் நின்னுட்டு. சரி, குறட்ட அடங்கிட்டுன்னு வெளிய போயி பீடி பத்த வச்சேன்...”

“...அழாதீங்க. அழுவதுக்கு நேரமில்ல. ஒங்க தம்பி போன்ல நூத்தியெட்டுக்கு அடிக்கச் சொல்லுங்க. ...தலையில அடி, எழுப்புனா எந்திக்கலன்னு சொல்லச் சொல்லுங்க. ...பைக்கா? கிறுக்கா ஒமக்கு? ...நூத்தியெட்டு வண்டி ஒங்க மண்ணுப் பாதைக்குள்ள வராது, புதைஞ்சிரும். கட்டிலோட தூக்குங்க, தார் ரோட்டுக்கு. ...ஆள் இருக்கா? ...நாலு பேரு போதும். ஒருக்களிச்சுப் படுக்க வையிங்க, கழுத்து ஆடாம ஒருத்தர் தலையப் புடிச்சுக்கிடணும். வாயில தண்ணி ஊத்திராதீங்க...”

“...இந்தப் போன வைக்காதீங்க! அவ தலமாட்டுல போடுங்க. ...ஆமா. எனக்குக் கேக்கணும்.”

மூன்று வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பயந்து ஓடியவர் அவர். பஸ்ஸில் பக்கத்து ஆள் குறட்டை விட்டால் பாதி வழியில் இறங்கி நடப்பார். இப்போது இரண்டு கையாலும் போனைக் காதோடு அமுக்கிக்கொண்டிருந்தார். சேற்றில் கால்கள் புதைந்து புதைந்து மீளும் சத்தம். கட்டில் சட்டம் கிறீச்சிட்டது. யாரோ மெதுவா, மெதுவா என்றார்கள். நடுநடுவே, அது.

“...கேக்குது... கேக்குது... ஏட்டி செம்பா, விடு தாயி, நல்லா விடு... அப்பா இங்கனதான் இருக்கேன்... கேக்குது...”

வெகுநேரம் கழித்துச் சைரன் கேட்டது. கதவை இழுத்துத் திறக்கும் சத்தம்.

“...ஏத்தியாச்சா? ...மாப்ள, எப்பம் விழுந்தா, எப்பம் வாந்தி எடுத்தா, டாக்டரம்மா என்ன சொன்னாவ, ஒண்ணு விடாமச் சொல்லிருங்க. என்னைய மாதிரி மறைச்சிராதீங்க. ...சரி... சரி... நான் பஸ் ஏறி வாரேன். ...போன அங்கனயே வையிங்க... ம், கேக்குது... கேக்குது... கே...”

“...மாப்ள? ...சத்தம் கேக்கலயே. ...லைன் போச்சா, இல்ல... அலோ? ...மாப்ள? ...அலோ?”