மேசைமேல் ஒன்றுக்குப் போகாத பிள்ளை

என் பெயர் நொர்மெலிதா துமலாகன், வயது முப்பத்தொன்று. பிலிப்பைன்ஸின் லுசேனா நகரில் மீன்சந்தைக்குப் பின்புறம் வாடகை அறையில் குடியிருந்து, மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறேன். என்மேல் புகார் கொடுத்த பெர்லா, இறந்துபோன என் கணவரின் அக்கா.

நான் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது என் மகள் கிளாரிஸுக்கு மூன்று வயது. இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது பெர்லா பிள்ளையைத் தர மறுத்தார். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற வழக்கு முடியும்வரை அவளை நெருங்க மாட்டேன், தாய் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன் என்று வட்டாரத் தலைவர் முன் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல் வந்து இந்த மருத்துவமனைக்குத்தான் கூட்டி வருகிறார்கள் என்று தெரிந்தே இங்கே வேலைக்குச் சேர்ந்தேன். அதை மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எக்ஸ்ரே அறை வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே கிளாரிஸ் அழும் சத்தம் கேட்டது. குழாய் வைத்து மூத்திரப்பையில் மருந்துத் தண்ணீர் நிரப்பி, பிள்ளை மேசைமேல் படுத்தபடியே ஒன்றுக்குப் போகும்போது படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் சிறுநீர் திரும்பிச் சிறுநீரகத்துக்கு ஏறுகிறதா என்று தெரியும். அவள் போகவில்லை. பெர்லா, "சீக்கிரம் போடீ, மானத்த வாங்காத" என்று அதட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

அதன் பிறகு படம் எடுக்கும் ராமில் வெளியே வந்து, "அக்கா, முக்கா மணி நேரமாச்சு. இன்னிக்கு நடக்கலைன்னா நாளைக்கு மறுபடியும் குழாய் போடணும். கொஞ்சம் சமாதானப்படுத்துங்களேன்" என்றார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர்மேல் குற்றமில்லை. ஈயக் கவசமும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

எங்கள் பக்கத்தில் வெளியிடத்தில் ஒன்றுக்குப் போகும்முன் மண்மேட்டில் கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கும் பெரியவரிடம் வழி கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உடம்பு வீங்கிவிடும். அவளுக்கு அதைப் பழக்கியவளே நான்தான். கண்ட மேசைமேல் போகச் சொன்னால் எப்படிப் போவாள்? குனிந்து, "ஒதுங்கிக்கோங்க பெரியவரே, சின்னப் புள்ள போகணும்" என்றேன்.

அழுகை நின்றது. "மேசைக்கு அடியிலயும் இருக்காரா?"

"இருந்தாரு. இப்பத்தான் எழுந்து போனாரு."

அதன் பிறகு போனாள். ராமில் படம் எடுத்துக்கொண்டார். இடது பக்கம் ஏறுகிறதாம். நான் துடைத்துவிட்டேன். இரண்டு வருடத்துக்கு மேலாக அந்தக் கால்களைத் தொட ஏங்கியிருந்தேன். அதனால் மெதுவாகத்தான் துடைத்தேன்.

அப்போது அவள், "எங்கம்மாவும் இப்படித்தான் சொல்வாங்க. உங்களுக்கு எங்கம்மாவத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா" என்றேன்.

வெளியே வந்து முகக்கவசத்தைக் கழற்றியபோது பெர்லா பார்த்துவிட்டார். இதை வைத்துப் பிள்ளையை நான் பார்க்கவே கூடாது என்று நீதிமன்றத்தில் கேட்கப்போகிறாராம். உள்ளே போனதையும் தொட்டதையும் ஒப்புக்கொள்கிறேன். தாய் என்று நான் சொன்னதாகப் புகாரில் இருப்பது பொய். ராமிலைக் கேளுங்கள், அவர் பக்கத்தில்தான் நின்றார்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளதெல்லாம் உண்மை, பிள்ளைக்கு நான் சொன்ன அந்த ஒரு பதிலைத் தவிர.

(கையொப்பம்) நொ. துமலாகன்