மேஸ்திரி ரூம் கண்ணாடி

— இங்க உங்க கையெழுத்து, நஸ்ரீன். அதுக்குக் கீழ ஹில்டா அம்மாவோடது. அவ்வளவுதான் வேலை.

— அவ்வளவுதானா, மிஸ்டர் ஃபாரன்ட்? போட்டுட்டா நாளைக்கே அடுப்பைத் தலையில தூக்கிட்டு ரோச்டேல் தெருவெல்லாம் நாங்க சுத்தணுமா?

— ஆன்ட்டி, கொஞ்சம் சும்மா இருங்க. அவர் முழுசாச் சொல்லட்டும்.

— யாரும் உங்களைப் போகச் சொல்லலைங்க. லண்டன்ல இருக்கிற எங்க கம்பெனி இந்த மில்லை வாங்கியாச்சு. மேல மாடியெல்லாம் வீடாகுது. கீழ உங்க சாப்பாட்டுக் கடை இருக்கட்டும், ஆனா பழைய குத்தகை செல்லாது. இனிமே மாசா மாசம் பாத்துக்குவோம். காலி பண்ணச் சொன்னா காலி பண்ணணும்.

— எப்ப சொல்லுவீங்க?

— என்னைச் சொல்லச் சொன்னது இவ்வளவுதான். இதுக்கு மேல ஒரு வார்த்தை உங்ககிட்டப் பேச எனக்கு அனுமதி இல்ல. பேசினா என் வேலை போயிடும்.

— லண்டன்ல வார்த்தைக்குக்கூடப் பஞ்சமா? சரி, டீ ஆறுது, குடிங்க. சமோசாவை அந்தப் பட்டாணி மசியல்ல தொட்டுச் சாப்பிடுங்க. இவ கைமணம், எங்க ஊர் பட்டாணி.

— ரொம்ப நல்லா இருக்கு. ஒண்ணு கேக்கலாமா? நீங்க இந்த மில்லுலயே வேலை பார்த்தவங்களா?

— இதே கூடத்துல. நீங்க உக்காந்திருக்கீங்களே, அங்கதான் என் தறி. பகல்ல நான் ஓட்டுவேன். ராத்திரி ஷிஃப்டுல நஸ்ரீனோட அப்பா அதே தறியை ஓட்டுவாரு. அது சூடு ஆற நாங்க ரெண்டு பேரும் விட்டதே இல்ல.

— எல்லாத் தறியும் ஓடும்போது காது கேக்குமா?

— பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது.

— ம். ஒரு போன் பேசிட்டு வந்துடறேன். அந்தக் கண்ணாடி ரூம்ல நின்னு பேசலாமா?

— மேஸ்திரி ரூமா? தாராளமா. கதவு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இழுத்துச் சாத்துங்க.

— போயிட்டாரு. ஆன்ட்டி, நான் சொல்றதைக் கேளுங்க. போட்டுடலாம்.

— எதை?

— கையெழுத்தை. ஒண்ணும் இல்லாததுக்கு மாசக்கணக்கு பரவாயில்ல. எனக்கு இந்த அடுப்பை விட்டா வேற எதுவும் கிடையாது. நேத்து ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல, அவ்வளவு பயம்.

— பயப்படு. பேனாவை மூடி வச்சுட்டுப் பயப்படு.

— உங்களுக்கு எல்லாம் விளையாட்டுதான். மேல குடிவரப்போறது யாரு? மான்செஸ்டர்ல வேலை பாக்குறவங்க. விடிஞ்சா ரயிலைப் பிடிச்சு ஓடுவாங்க. நம்ம கடையை யாரு எட்டிப் பாப்பா?

— ஓடுறவன் சாயங்காலம் பசியோடதானே திரும்பி வருவான், கண்ணு? தறி நின்னப்ப இந்த ஊர் செத்துப்போச்சுன்னாங்க. இதே கட்டடத்துல தபால்ல துணி அனுப்புற கம்பெனி வந்துச்சு. அது போனப்ப, இந்தத் தடவை நெசமாவே செத்துச்சுன்னாங்க. கார்ப்பெட் குடோன் வந்துச்சு. அதுவும் போச்சு, நீ ஒரு அடுப்போட வந்த. நான் எல்லாத்துலயும் வேலை பார்த்திருக்கேன். ஊர் ஒவ்வொரு தடவை சாகும்போதும் எனக்குப் புது வேலை கிடைக்குது.

— உங்க வாய் இருக்கே.

— இரு. பேசாத.

— என்ன ஆச்சு?

— அவன் பேசுறது தெரியுது.

— கதவுதான் சாத்தியிருக்கே. எனக்கு ஒண்ணுமே கேக்கல.

— கேக்க வேண்டாம், உதடு தெரிஞ்சா போதும். தறி இரைச்சல்ல நாங்க அப்படித்தானே பேசிக்குவோம். அந்தக் கோடியில எவ மாமியாரைத் திட்டுறான்னு இந்தக் கோடியில நின்னு சொல்லிடுவேன். உங்கப்பாவுக்கும் தெரியுமே.

— தெரியும். எங்களுக்குச் சொல்லிக் குடுக்கல. ஆன்ட்டி, அடுத்தவங்க பேசுறதை இப்படி... தப்பில்லையா?

— கண்ணைக் கட்டிக்கிட்டு உக்காரவா? நேரா கண்ணாடிக்கு முன்னாடி வந்து நிக்கிறான். அதுலயும் எவ்வளவு அழகா வாயைத் திறந்து பேசுறான், புண்ணியவான். லண்டன்ல இருந்து வர்றவன் எல்லாம் உதட்டை அசைக்காமலே முணுமுணுப்பான்.

— சரி, என்னதான் சொல்றாரு?

— "காப்பிக் கம்பெனி கடைசி நேரத்துல பின்வாங்கிடுச்சு."

— எந்தக் காப்பிக் கம்பெனி?

— நம்மளைத் துரத்திட்டு இங்க வைக்கலாம்னு இருந்தாங்க போல. இரு... "கீழ கடை காலியாக் கிடந்தா பேங்க் கடன் தராது." அப்படிப் போடு. "இவங்களை விட்டா இப்போதைக்கு வேற ஆள் இல்ல."

— நம்மளையா சொல்றாரு?

— பின்ன, மேயரையா? "வேற கடை கிடைக்கிற வரைக்கும் மாசக்கணக்குல வச்சிருந்து அனுப்பிடலாம்."

— அடப்பாவிங்களா. நான் கையெழுத்துப் போடப் பார்த்தேனே.

— உஷ். "அவங்களா நீண்ட குத்தகை கேட்டா பத்து வருஷம் வரைக்கும் குடுக்கலாம். நானா வாயைத் திறக்கக் கூடாது. சரிங்க, புரியுது." நஸ்ரீன், என் கையைக் கிள்ளு.

— கிள்ள எங்க நேரம்? வர்றாரு, வர்றாரு. நீங்களே பேசுங்க ஆன்ட்டி.

— முடியாது. அடுப்பு உன்னுது. நீ கேளு.

— மன்னிக்கணும், கொஞ்சம் நேரமாயிடுச்சு. யோசிச்சீங்களா?

— யோசிச்சோம், மிஸ்டர் ஃபாரன்ட். மாசக்கணக்கு எனக்கு வேண்டாம். குத்தகை வேணும். பதினஞ்சு வருஷம்.

— பதினஞ்சா?

— மேல குடிவர்றவங்களுக்குக் கீழ வெளிச்சமும் சாப்பாடும் இருக்கணும். பூட்டின கடைக்கு மேல எவனும் வீடு வாங்க மாட்டான். எங்களுக்கு வேற இடம் கிடைக்கும். உங்களுக்கு வேற கடை கிடைக்குமான்னு யோசிச்சுக்கங்க.

— இவ பேசுறதைப் பாருங்களேன். கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் எலிக்குஞ்சு மாதிரி இருந்தா.

— ஆன்ட்டி.

— நான் வாயைத் திறக்கல.

— பதினஞ்சு என்னால முடியாதுங்க. பத்து வருஷம்னா சரின்னு சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கு. நடுவுல யாரும் உங்களைக் காலி பண்ணச் சொல்ல முடியாது.

— அதை எழுதிக் குடுங்க.

— இதோ, அந்தத் தாளும் பையில இருக்கு. கேட்டா குடுன்னாங்க, நீங்க கேட்டுட்டீங்க. படிச்சுப் பாத்துப் போடுங்க, அவசரம் இல்ல.

— படிச்சாச்சு ஆன்ட்டி. பத்துதான் போட்டிருக்கு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன், நீங்களும் போடுங்க. எனக்குக் கண்ணு மறைக்குது.

— அழுது தாளை நனைச்சிடாத. போட்டாச்சு, சார். இன்னொரு டீ?

— குடிக்கிறேன். அதுக்கு முன்னாடி ஒரு உதவி. உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? ஆபீசுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும். என்னது காலையில ரயில்லயே சார்ஜ் போய்ச் செத்துக் கிடக்கு.

— ரயில்லயேவா? இப்பதானே அந்த ரூம்ல அவ்வளவு நேரம் பேசுனீங்க?

— பேசினேன்.

— செத்த போன்லயா? யார்கிட்டங்க?

— என் கண்ணுகிட்டத்தான் பேசியிருக்காரு. நஸ்ரீன், கேள்வி கேக்காம போனைக் குடு. தம்பி, இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு. உங்கம்மா எந்த மில்லுல தறி ஓட்டுனாங்க?