அடைத்த மடை

குத்தாலத்தில் மயிலாடுதுறை பஸ் ஏறினேன். முன் சீட்டில் இருவர். கண்ணாடி போட்டிருந்த பெரியவர் போனில் செய்தி பார்த்துவிட்டுப் பூரித்துப்போனார்.

"அந்த நாட்டுகிட்ட எண்ணெய் வாங்கக் கூடாது, ஒரு சாமானும் விக்கக் கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க. மூணே மாசத்துல அந்த நாட்டு ராஜா வந்து கால்ல விழுவான் பாரு."

பக்கத்தில் இருந்த துண்டுக்காரர் சிரித்தார். "நம்ம சேகர் விழுந்த மாதிரியா, மாமா?"

"அது வேற."

"என்ன வேற? ஊர்ப் பேச்சைக் கேக்கலைன்னு அவன் வயலுக்குத் தண்ணிய நிறுத்தச் சொன்னீங்க. மண்வெட்டியோட போய் மடைய அடைச்சதும் நீங்கதான்."

"ஊர்க் கட்டுப்பாடுப்பா."

"அவன் வயல்ல போர்வெல் போட்டுக்கிட்டான். பயிரு பச்சுன்னு நிக்குது. அவன் வயல் வழியா வர்ற தண்ணிய நம்பி, கீழ ரெண்டு மா நிலத்துல நட்டிருந்தாங்களே முருகேசனும் ராணியும்? அவங்க சம்பாதான் கருகிப்போச்சு. அவங்க யாரு பேச்சைக் கேக்கல?"

கண்ணாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இப்பவாவது மடையத் திறந்தீங்களா?"

"எப்படித் திறக்கிறது? சேகர் இன்னும் மன்னிப்புக் கேக்கலையே."